புளியங்கொட்டை அளவு ரப்பர்

இந்தக் கதையை நான் கோபம் ஆறுவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். ஆறிய பிறகு சொன்னால் இதில் எல்லோரும் நல்லவர்களாகிவிடுவார்கள். நீங்கள் பொறுமையாகக் கேளுங்கள், சின்ன விஷயத்தையும் விட்டுவிடாதீர்கள். முடிவில் தீர்ப்பை உங்களிடம்தான் கேட்பேன்.

சின்னமனூரில் ராஜபாண்டி என்று ஒரு லாரி டிரைவர். தாய் தகப்பன் போன பிறகு தங்கை யோகலட்சுமியை வளர்த்து ஆளாக்கியவன். அவளுக்குத் தேனியில் ரத்தம் பரிசோதிக்கும் இடத்தில் வேலை கிடைத்தது. காலை ஆறரைக்கு அங்கே நிற்க வேண்டும். அந்த நேரத்துக்குத் தோதாக பஸ் இல்லை. "நீ லைசென்ஸ் எடு பாப்பா. எடுத்த அன்னைக்கு நீ கை காட்டுற பைக் உனக்கு" என்று நாலு பேர் முன்னால் அண்ணன் வாக்குக் கொடுத்தான்.

மெக்கானிக் மைதீன் பாயின் பழைய நூறு சிசி வண்டியில்தான் அவள் பழகினாள். உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் பதியும். வண்டி சாய்ந்தாலும் தானே தூக்கி நிறுத்துவாள். பின்னால் உட்கார்ந்து அண்ணன் பாடம் சொல்வான்: "வண்டி இழுக்குமா இழுக்காதான்னு தெரியாம எவனையும் முந்தாதே. பாதி முந்தினப்புறம் வண்டி கை விட்டுச்சுன்னா எந்தச் சாமியும் வராது." அவள் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். வாழைத்தார் ஏற்றிய டிராக்டர் முன்னால் போனால் புகையை விழுங்கிக்கொண்டு பின்னாலேயே போவாள். "இந்தக் கிழவனுக்கு இவ்வளவுதாண்ணே மூச்சு" என்று வண்டியைத் தட்டிச் சிரிப்பாள்.

லைசென்ஸ் வந்தது. பாயையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார்கள். அவள் கை காட்டியது சிவப்பு நிறத்தில் ஓர் இருநூறு சிசி. ஏறி உட்கார்ந்தால் கால்விரல் மட்டும்தான் தரையைத் தொட்டது.

"ஒரு வருஷம் சின்னதை ஓட்டும்மா. அப்புறம் இதை எடு" என்றார் மைதீன் பாய்.

"பொம்பளைப் பிள்ளைக்கு அது போதும்கிறீங்களா பாய்?"

"புதுசா ஓட்டுற யாருக்கும் அது போதும்கிறேன். என் மகன் கேட்டாலும் இதேதான்."

அவள் கேட்கவில்லை. ராஜபாண்டியால் மறுக்க முடியவில்லை. நாலு பேர் கேட்ட வாக்காயிற்றே. "முதல் சர்வீஸ் முடியிற வரைக்கும் ஐம்பதுக்கு மேல போகாதீங்க" என்று சொல்லிக் கடையில் சாவியைக் கொடுத்தார்கள்.

அன்று சாயங்காலமே அண்ணன் அந்த வண்டியைப் பாயின் பட்டறைக்குக் கொண்டுபோனான்.

"பாய், பாதிக்கு மேல முறுக்க வராதபடி ஏதாச்சும் பண்ணுங்க. பிள்ளை வேகமாப் போய் ஏதாவது ஆச்சுன்னா நான் உசுரோட இருக்க மாட்டேன்."

"பண்ணலாம். பிள்ளைகிட்ட சொல்லிட்டுப் பண்ணுவோம்."

"சொன்னா வேற பட்டறையில கழட்டிருவா. சொல்லாதீங்க."

மைதீன் பாய் ஸ்பேனரை எடுத்தார். பிறகு ஆக்சிலேட்டர் கைப்பிடிக்குள் புளியங்கொட்டை அளவு ஒரு ரப்பரை வைத்து மூடினார். முதல் வண்டி வாங்கியவளுக்கு, இந்தக் கைப்பிடி எவ்வளவு தூரம் திரும்ப வேண்டும் என்று எப்படித் தெரியும்?

ஐம்பதைத் தாண்டாமல் நாற்பது நாள் ஓட்டினாள். "உன் தங்கச்சி என்ன நிதானம்யா!" என்று தெருவே சொல்லிற்று. அண்ணன் தனக்குள் சிரித்துக்கொண்டான்.

முதல் சர்வீஸ் முடிந்த மறுநாள் காலை. முன்னால் வாழைத்தார் டிராக்டர். எதிரே தூரத்தில் ஒரு பஸ். இருநூறு சிசிக்கு அந்த இடைவெளி தாராளம். கண்ணால் அளந்துவிட்டுத்தான் வெளியே எடுத்தாள். டிராக்டருக்குப் பக்கத்தில் போனதும் முறுக்கினாள். கைப்பிடி பாதிக்கு மேல் வரவில்லை. கை வழுக்கிவிட்டது என்று நினைத்து இன்னொரு தடவை முறுக்கினாள். அதற்குள் பஸ் வந்துவிட்டது. வலப்பக்கம் ஒடித்தாள். அங்கே வாய்க்கால். வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது.

ஆஸ்பத்திரியில் ராஜபாண்டி கத்தினான். "பாய் அன்னைக்கே சொன்னாருல்ல, இந்த வண்டி வேண்டாம்னு! கேட்டியா? பஸ் வர்றதைப் பாத்துக்கிட்டே எவளாச்சும் முந்துவாளா? அறிவிருக்கா?" பக்கத்துக் கட்டில்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள்: "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்குப்பா அவ்வளவு பெரிய வண்டி?" அவளோ, தன் கைதான் தன்னை ஏமாற்றிவிட்டது என்று அந்தக் கையையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

மூன்றாம் நாள் மைதீன் பாய் வந்தார். வண்டியிலிருந்து கழற்றிய ரப்பரைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கட்டிலில் வைத்தார். "தப்பு உன் கையில இல்லம்மா. இதுல இருக்கு. உள்ள வச்சவன் நான்."

யோகலட்சுமி அதை எடுத்துப் பார்த்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள். "வைக்கச் சொன்னது?"

"உன் உசுருக்காகத்தான்டீ!" என்று அவன் வெடித்தான். "சின்ன வண்டியா இருந்தாலும் அந்த இடத்துல இழுத்திருக்காதுல்ல? அப்ப மட்டும் தப்பிச்சிருப்பியா?"

பிடிவாதமாகப் பெரிய வண்டியைக் கை காட்டியவள் தங்கை. பாசத்திலும் பயத்திலும் மறைத்தவன் அண்ணன். தப்பு என்று தெரிந்தே செய்துவிட்டு, பிறகு தானே வந்து ஒப்புக்கொண்டவர் மெக்கானிக். இப்போது சொல்லுங்கள்: அந்தப் பெண்ணின் காலை முறித்தது இந்த மூவரில் யார்?

உங்கள் தீர்ப்பு உங்களிடம் இருக்கட்டும், என்னுடையது இதுதான். அண்ணன் கடைசியாகக் கேட்டானே, அதற்குள்ளேயே பதில் இருக்கிறது. சின்ன வண்டியாக இருந்தால் அவள் முந்தியே இருக்க மாட்டாள். இவ்வளவுதான் மூச்சு என்று தெரிந்து, புகையை விழுங்கிக்கொண்டு பின்னால் போயிருப்பாள். பெரிய வண்டியை எடுத்தது அவசரம்தான், ஆனால் எடுத்த பிறகு தனக்குச் சொன்ன எதையும் அவள் மீறவில்லை. பாயும் குற்றவாளிதான். இருந்தாலும் சொல்லிவிட்டுச் செய்வோம் என்று ஒரு வார்த்தையாவது சொன்னார். காலை முறித்தவன் அண்ணன். வண்டி இழுக்குமா என்று தெரியாமல் முந்தாதே என்று சொல்லிக்கொடுத்த அதே வாயால், அது அவளுக்குத் தெரியவே கூடாது என்றும் சொன்னான். வாக்கை மீறியிருந்தால் பத்து நாள் பேசாமல் இருந்திருப்பாள், அவ்வளவுதானே!

முறிந்த கால் கூடுவதற்கு ஐந்து மாதம் ஆயிற்று. பாயின் பழைய நூறு சிசியை அவளே கேட்டு வாங்கினாள். முதல் நாள், அண்ணன் வாசலில் நிற்க, எஞ்சினைப் போடாமல் கைப்பிடியைக் கடைசி வரைக்கும் ஒரு தடவை முறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினாள். இன்றைக்கும் தினமும் அப்படித்தான். அவனும் தினமும் நின்று பார்க்கிறான். பார்க்கட்டும்.