மச்சாடோவின் மிக்ஸர் வாங்கிய கோப்பை

விடையை முதலில் எட்டிப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள் கடைசிப் பத்தியைக் கையால் மூடிக்கொள்ளுங்கள். உங்களைச் சொல்லிக் குற்றமில்லை, நானும் அந்த ரகம்தான்.

தூத்துக்குடியில் மச்சாடோ என்றொரு டிஜே. ஒரு காலத்தில் துறைமுகப் பக்கத்து ஓட்டல்களில் இரண்டு பாட்டுகளை ஒரே தாளத்தில் ஓடவிட்டுக் கோப்பார். முதல் பாட்டு எங்கே முடிந்தது என்று ஆடுகிறவர்களுக்கே தெரியாது. அதற்கு அவர் வைத்திருந்த மிக்ஸர் முப்பது வருடம் பழையது. கனமான கறுப்பு இரும்புப் பெட்டி, விரலுக்கு அடங்கும் பெரிய குமிழ்கள். உப்புக்காற்று பட்டு அது செத்துப்போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் வாரம் தவறாமல் துடைத்து வைப்பார். அதன்மேல் ஒரு காப்பி டம்ளர் வைக்கக்கூட யாரையும் விட்டதில்லை.

அவரைத் தேடிக் காது கேளாதோர் பள்ளியின் அருள்மொழி டீச்சர் வந்தார். மாவட்ட நடனப் போட்டிக்கு எட்டுப் பெண்களைத் தயார் செய்திருந்தார். மற்ற வருடங்களில் மேடைக்கு எதிரே நின்று அவர் கையால் தாளம் காட்டுவார், அதைப் பார்த்து ஆடுவார்கள். இந்த வருடம் புது விதி: மேடைக்கு வெளியிலிருந்து யாரும் சைகை காட்டக் கூடாது. விதி எழுதியவருக்கு என்ன, காது கேட்கிறது. குழுத்தலைவி அபிஷா, ஒன்பதாம் வகுப்பு, அந்தக் காகிதத்தைப் படித்த நாளிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

டீச்சரிடம் ஒரு யோசனை இருந்தது. மேடைப் பலகைக்கு அடியில் ஸ்பீக்கர் வைத்து வெறும் கொட்டுச் சத்தத்தை மட்டும் அதிரவிட்டால், பிள்ளைகள் காலால் உணர்ந்து ஆடிவிடுவார்கள். கூடத்தில் இருப்பவர்களுக்கோ பாட்டு மட்டும் கேட்க வேண்டும். இரண்டும் இம்மி பிசகாமல் சேர்ந்து ஓட வேண்டும்.

"சேத்து ஓட்டுறது என் வேலை" என்றார் மச்சாடோ. மைக்செட் மெக்கானிக் கொம்பையாவை வரவழைத்து, மிக்ஸரைக் கையில் கொடுத்தார். "சரி பண்ணு. ஆனா புதுசா ஒரு ஓட்டை போடக் கூடாது. வாக்குக் குடு."

கொம்பையா வாக்குக் கொடுத்தார். நான்கு நாள் உட்கார்ந்து உப்பைச் சுரண்டி, பட்டுப்போன பாகங்களை மாற்றினார். ஐந்தாம் நாள் விளக்கு எரிந்தது, பாட்டு வந்தது. மச்சாடோ அழுதார், மறைக்கவும் இல்லை.

அப்புறம்தான் சிக்கல் தெரிந்தது. பெட்டிக்குள் பாட்டு நுழைய இரண்டு வழி, வெளியே போக ஒரே வழி. பாட்டும் கொட்டும் கலந்து ஒரே ஸ்பீக்கருக்குத்தான் போகும்.

"பின்னாடி சின்னதா ஒரு ஓட்டை அண்ணாச்சி. யார் கண்ணுலயும் படாது."

"என் கண்ணுல படும்லா. முடியாது."

"அப்ப என்னால முடியாது."

இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். போட்டிக்கு மூன்று நாள்தான் இருந்தது. டீச்சர் அன்று அபிஷாவையும் கூட்டி வந்திருந்தார்.

மச்சாடோ அதற்குமுன் ஹெட்போனில் கொட்டுச் சத்தத்தைச் சோதித்துவிட்டு, அணைக்காமல் மேசைமேல் வைத்திருந்தார். அடுத்து வரும் பாட்டை டிஜே மட்டும் தனியாகக் கேட்டுப் பார்க்கத்தானே ஹெட்போன்? கூடத்துக்கு அது கேட்காது. அபிஷா அதை எடுத்து இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே பொத்திப் பிடித்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் வலது கால் தரையைத் தட்டத் தொடங்கியது. ஸ்பீக்கரில் ஓடியது பாட்டு. அவள் கால் தட்டியது கொட்டின் தாளத்தை, ஒரு அடி தவறாமல்.

கையிலிருந்ததை நீட்டி, தன் காலைக் காட்டி, அவள் சைகை செய்தாள். டீச்சர் எடுத்துச் சொன்னார்: "இது கையில வேண்டாமாம். கால்ல வேணுமாம்."

கொம்பையா தலையில் அடித்துக்கொண்டார். "அண்ணாச்சி, ஓட்டை ஏற்கெனவே இருக்கு! ஹெட்போன் ஓட்டை!" அன்றைக்கே அதிலிருந்து வயர் இழுத்து, ஒரு ஆம்ப்ளிஃபையர் வழியாக மேடைக்கடியில் ஸ்பீக்கர்களை இணைத்தார்.

போட்டியன்று மச்சாடோ பாட்டையும் கொட்டுச் சத்தத்தையும் பிசகாமல் ஓட்ட, எட்டுப் பெண்களும் ஒரே காலாக விழுந்து ஒரே காலாக எழுந்தார்கள். எதிரே சைகை காட்ட யாரும் இல்லை. நடுவர் ஒருவர் மேடைக்கடியில் குனிந்துகூடப் பார்த்தார். முதல் பரிசு அவர்களுக்கே. எனக்கு இதை எழுதும்போதும் நெஞ்சு நிமிர்கிறது.

கூடவே சிறந்த ஒலி அமைப்புக்கு ஒரு தனிக் கோப்பை அறிவித்தார்கள். அதில் ஒரே ஒரு பெயருக்குத்தான் இடம்.

"எடைக்குப் போடாம பன்னெண்டு வருஷம் காப்பாத்துனவன் நான். ரெண்டையும் சேத்து ஓட்டுனதும் என் கைதான்" என்றார் மச்சாடோ.

"செத்த பொட்டிய வச்சு என்னத்த ஓட்டுவீக? உசுரு குடுத்ததும் வயர் இழுத்ததும் நான்லா" என்றார் கொம்பையா.

அபிஷா தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். வெட்கமெல்லாம் படவில்லை.

காத்தவரா, உயிர் கொடுத்தவரா, உள்ளங்கையில் வழி கண்டவளா? அந்தக் கோப்பையில் யார் பெயரை எழுதுவது சரி?

விடை: அபிஷாவின் பெயரைத்தான். மச்சாடோவும் கொம்பையாவும் இல்லாமல் அந்த மிக்ஸர் இல்லை, அதற்காக இருவரையும் கும்பிடலாம். ஆனால் கோப்பை மிக்ஸருக்கு அல்ல, அன்றைய மேடையின் ஒலி அமைப்புக்கு. அந்த அமைப்பு அவர்கள் இரண்டு பேர் தலையிலும் உதிக்கவில்லை. ஒருவர் துளை கூடாது என்றார், மற்றவர் துளை இல்லாமல் முடியாது என்றார். ஹெட்போன் காதுக்குத்தான் என்று இருவருக்கும் நன்றாகத் தெரிந்ததுதான் வினை. நடுவர்கள் தயங்கியபோது, இதை யோசித்துப் பார்த்த மச்சாடோவே பேனாவை வாங்கி அவள் பெயரை எழுதினார். ஆக, அந்த மாவட்டத்தின் சிறந்த ஒலி அமைப்பாளருக்குக் காது கேட்காது. யாருக்காவது ஆட்சேபம் உண்டா?