ஏழாவது தொட்டி

குரு சீடனைவிட வயதில் மூத்தவராக இருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக விதிகளில் எங்குமே இல்லை. அம்பலவாணன் தேடிப் பார்த்திருக்கிறார்.

நாற்பத்தைந்து வயதில் அவர் பகுதிநேர முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தபோது, அந்தச் சின்னக் கல்லூரியின் விலங்கியல் துறையில் நெறியாளராகும் தகுதி ஒருவருக்குத்தான் இருந்தது. அவர் மரியபுஷ்பம். அம்பலவாணனிடமே பி.எஸ்ஸி. படித்தவர். சீடர் குருவை 'மேடம்' என்றார். குரு சீடரை 'சார்' என்றார். ஆறு வருஷம் ஆகியும் இருவருக்கும் கூச்சம் முழுதாகப் போகவில்லை.

மறுநாள் கல்லூரிக்குத் தரமதிப்பீட்டுக் குழு வருகிறது. ஆசிரியர்கள் எல்லோரும் தத்தம் ஆராய்ச்சி ஆர்வங்களை இணையதளத்தில் எழுத வேண்டும் என்று முதல்வர் உத்தரவு போட்டிருந்தார். இயற்பியல்காரர் ஒருவர் பதினொரு ஆர்வங்களை எழுதினார். ராக்கெட்டும் மூலிகையும் அதில் அடக்கம். வேதியியல்காரர் வேறொரு கல்லூரியின் பக்கத்திலிருந்து எடுத்து ஒட்டியதில், அந்தக் கல்லூரியின் பெயரும் கூடவே வந்துவிட்டது.

மரியபுஷ்பம் எழுதியது ஒரே சொல்: நண்டு.

அது போதாது என்று முதல்வர் தாமே ஒரு வரி சேர்த்தார். 'செங்கொடுக்கு நண்டு என்னும் புதிய இனத்தைக் கண்டறிந்தவர்.' பத்து வருஷத்துக்கு முந்தைய கட்டுரை அது. கல்லூரிக்கு இருந்த ஒரே கண்டுபிடிப்பும் அதுதான். வாசலில் பேனர் கட்டியாகிவிட்டது. ஒரு பக்கம் மேடம், மறுபக்கம் நண்டு, நடுவில் இரண்டையும்விடப் பெரிதாக முதல்வர்.

அம்பலவாணனின் ஆறு வருஷக் கெடு அன்று மாலை ஐந்து மணியோடு முடிகிறது. பல்கலைக்கழகத்துக்கு நாலு மணி பஸ். மேடத்தின் கையெழுத்து மட்டும் பாக்கி. மணி மூன்று அடித்திருந்தது.

ஆய்வேட்டில் இல்லாத முப்பத்தோரு பக்கங்கள் அவருடைய தோள்பையில் இருந்தன. காலையில்தான் உருவி எடுத்தார். அவற்றில் இருந்தது இதுதான்: ஓடையில் பிடித்து, துறை வராந்தாவின் ஏழாவது தொட்டியில் விட்ட செங்கொடுக்கு நண்டுகள், இரண்டு முறை ஓடு உரித்ததும் சிவப்பை இழந்து, வரப்பில் எவரும் திரும்பிப் பார்க்காத வயல் நண்டுகளாகிவிட்டன. ஒன்று பாக்கியில்லாமல் எல்லாமே. அந்தச் சிவப்பு குஞ்சுப் பருவத்து நிறம். புதிய இனம் என்று ஒன்று கிடையாது.

மரியபுஷ்பம் பேனா மூடியைத் திறந்தார். பக்கங்களைப் புரட்டினார். கை நின்றது.

"ஆறு தொட்டின்னு போட்டிருக்கீங்க."

"ஆமா மேடம்."

"வராந்தாவுல ஏழு இருக்கே?"

அம்பலவாணன் தோள்பையை மடிக்கு இழுத்துக்கொண்டார். "ஏழாவதுல எல்லாம் செத்துப் போச்சு மேடம்."

மரியபுஷ்பம் எழுந்து வெளியே போனார். திரும்பி வந்தபோது சேலைத் தலைப்பு நனைந்திருந்தது. கையில் எனாமல் தட்டு. தட்டில் நண்டு ஒன்று கொடுக்கைத் தூக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓடியது.

"செத்த நண்டுக்கு நல்ல ஓட்டம் சார். இது என்ன நண்டு?"

அம்பலவாணன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நண்டுக்குப் பேர் சொல்லத் தெரியாதவருக்கா நான் கையெழுத்துப் போடணும்?"

"மேடம், மணி மூணேகால். ஆறு வருஷம். இன்னிக்கு விட்டா எல்லாம் போச்சு."

"தெரியும்."

"உங்களுக்கு... இது எப்பத்திலிருந்து தெரியும்?"

"ஞாயித்துக்கிழமை நீங்க ஊருக்குப் போயிட்டா தீனி போட்டது யாரு? ரெண்டு வருஷமா அந்தச் சிவப்பு வெளிறுறதைப் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

"அப்ப நீங்களே எழுதியிருக்கலாமே மேடம்!"

"உங்க தொட்டி சார் அது."

வெளியே யாரோ பேனரின் கயிற்றை இழுத்துக் கட்டினார்கள். முதல்வரின் குரல் கேட்டது: "நண்டு கோணலாத் தெரியுது பாரு!"

அம்பலவாணன் குரலைத் தாழ்த்தினார். "நாளைக்குக் கமிட்டி. வாசல்ல உங்க படம். உங்க பேர்ல இருக்கிறது இந்த ஒரு நண்டுதான். அதை நானே அழிக்கணுமா? உங்க கையெழுத்தை வாங்கிக்கிட்டே?"

மரியபுஷ்பம் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார்.

"ஒரு பிராக்டிகல் வகுப்பு. ஆளுக்கொரு நண்டு. ஒரு பொண்ணு ரொம்ப அழகா வரைஞ்சா. ஷேடிங் எல்லாம் போட்டு, பத்துக் காலும் போட்டு. வாத்தியார் நோட்டைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், முட்டை போட்டார்."

"ஏன்?"

"அவ நண்டுக்கு ஒரு கால் ஒடிஞ்சு போயிருந்துச்சு. ஒன்பதுதான்."

அம்பலவாணன் நிமிர்ந்தார்.

"பொண்ணு விடலை. நண்டுன்னா பத்துக் கால்தான், புத்தகத்திலேயே இருக்கு, எல்லாரும் பத்துதான் வரைஞ்சிருக்காங்கன்னு சண்டைக்குப் போனா. நல்லாப் படிக்கிற பொண்ணு. முதல் தடவையா முட்டை. அழுகை வேற. வாத்தியார் ஒண்ணே ஒண்ணு கேட்டார்."

அம்பலவாணனுக்கு அந்த வகுப்பு நினைவுக்கு வந்துவிட்டது. ஃபார்மலின் வாடையோடு, ஜன்னலோரத்து மூன்றாவது மேசையோடு, சிவந்த மூக்கோடு நின்ற பெண்ணோடு. இருந்தாலும் கேட்டார்.

"என்ன கேட்டார்?"

மரியபுஷ்பம் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

"'புத்தகத்தைத் தூக்கி அங்கிட்டு வைம்மா. தட்டுல என்ன இருக்கு?'"

பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. அம்பலவாணன் தோள்பையின் ஜிப்பைத் திறந்தார்.