நூத்தி ஒண்ணாவது மணி

முள்ளிக்குடி முள்ளிக்குடின்னு ஒரு ஊராம். அந்த ஊர்ல முள்ளுக்குப் பஞ்சமில்ல, தண்ணிக்குத்தான் பஞ்சம். அங்க மாயழகுன்னு ஒருத்தன் இருந்தானாம். பேருதான் அழகு, மனசு பூராம் கரி. அவனுக்கு வாக்கப்பட்டு வந்தவ பேரு இருளாயி. பேருதான் இருட்டு, சிரிச்சான்னா வீடே வெளிச்சமாயிருமாம். வந்த புதுசுல சிரிச்சா. அப்புறம் சிரிக்கல.

அந்த ஊர்ல ஒரு வழக்கம் உண்டு. புதுப்பொண்ணு வந்தா, மாப்பிள்ளை வீட்டுல அவ ரெண்டு காலுக்கும் வெங்கலத் தண்டை போடுவாக. உள்ள பரல்கல்லு கெடக்கும், நடந்தா சலங் சலங்னு சத்தம் வரும். எங்க வீட்டுக்கு மகாலச்சுமி வந்துருக்கான்னு ஊருக்குச் சொல்றதுக்கு. மூணாம் மாசம் மாமியாகாரி வெளக்கேத்தி வச்சு அதக் கழட்டிப் பெட்டியில வச்சிருவா. இருளாயிக்கு மாமியா இல்ல. மூணாம் மாசமும் வந்துச்சு, மாயழகு கழட்டல. கழட்டாததோட, ஆசாரியக் கூட்டியாந்து தண்டை வாயில ஆணியடிச்சு இறுக்கச் சொல்லிட்டான்.

"எதுக்குய்யா?"ன்னாரு ஆசாரி.

"எம் பொண்டாட்டி எங்கிட்டு இருக்கான்னு நான் கண்ணத் தொறந்து பாக்க வேணாம் பாரு. காதே போதும்."

ஆசாரி கூலிய வாங்கிக்கிட்டுப் போயிட்டாரு. அவரு வீட்டுலயும் ஒரு பொண்ணு இருந்துச்சு. இருந்து என்ன?

அதுக்கப்புறம் மாயழகு கட்டில்ல சாஞ்சு கண்ண மூடிக்கிட்டுக் காதக் குடுத்துக்கிட்டே கெடப்பானாம். தண்டைச் சத்தம் நின்னா, "ஏண்டி நின்ன, எவன்கூடப் பேசுற?"ன்னு அடிப்பான். சத்தம் வேகமாக் கேட்டா, "எங்கடி ஓடுற?"ன்னு அடிப்பான். மெதுவாக் கேட்டா, "எவனுக்குடி காத்துக்கிட்டிருக்க?"ன்னு அடிப்பான். அப்ப எப்படித்தான் நடக்குறதுன்னு கேக்குறியா? அதையேதான் அவளும் யோசிச்சுக்கிட்டே நடந்தா. அடிக்கணும்னு முடிவு பண்ணுனவனுக்கு நடை ஒரு சாக்கு, அம்புட்டுத்தான்.

அந்தத் தண்டை இருந்து இருந்து எடது கணுக்கால அறுத்துப் புண்ணாக்கிருச்சு. அவன் சந்தைக்குப் போன நேரம் பாத்து ஒரு தடவ பொறந்த வீட்டுக்கு ஓடுனா. அவ அப்பன், "அடிக்கிற கைதான் ஆத்தா அணைக்கும், போயிரு"ன்னான். ரெண்டாந் தடவ ஓடுனா. அண்ணங்காரன், "நீ வாழாவெட்டியா வந்து உக்காந்தா எம் மககளை எவன் கட்டுவான்? போயிரு"ன்னான். மூணாந் தடவ ஓடுனா. அப்பனும் அண்ணனும் வீட்டுல இல்ல, ஆத்தா மட்டும் இருந்தா. கதவத் தொறக்கல. சன்னல் வழியா ஒரு செம்பு தண்ணியக் குடுத்து, மக கால்ல வடியிற ரத்தத்தப் பாத்து அழுதுக்கிட்டே, "போயிரு ஆத்தா, உங்கப்பா வந்துருவாரு"ன்னாளாம். எனக்கு அந்த மாயழகு மேல இருக்குற கோவத்தவிட இந்த ஆத்தாகாரி மேலதான் கோவம் ஜாஸ்தி. ஒரு கதவு. தொறந்தா என்ன?

மூணு தடவயும் மாயழகு வந்து முடியப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போனான். ஊரு பாத்துச்சு. ம் கொட்டுங்க, அந்த ஊருகூட ம் கொட்டுச்சு.

இப்படி இருக்கையில, அறுப்பு முடிஞ்சு வயலெல்லாம் காஞ்சு கெடக்குற மாசம் வந்துச்சு. அப்ப மேக்க இருந்து ஆட்டுக்கெடை வரும். வெறும் வயல்ல ஆட்ட அடைச்சுப் போட்டா புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு நல்ல ஒரம். கெடை போட வந்தவருக்கு வயக்காரன் வீட்டுல இருந்துதான் கூழு போகணும், அதான் மொறை. அந்த வருசம் மாயழகு வயல்ல கெடை போட்டவரு பேரு சாத்தையா. நூறு ஆடு, நூறு கழுத்துல நூறு மணி. ஒரு மணி மாதிரி ஒரு மணி இருக்காது. மணிச் சத்தத்தக் கேட்டே எந்த ஆடு எங்க மேயிது, எது நொண்டுது, எது பசியில நிக்கிதுன்னு சொல்லிருவாரு. பாத்தியா, இவருக்கும் காதுதான் தொழிலு. ஆனா எதுக்குக் கேக்குறோம்னு ஒண்ணு இருக்குல்ல?

வயல் வீட்டுக்குப் பின்னாடியே இருந்ததால, தண்டைச் சத்தம் கேக்குற தூரந்தானேன்னு மாயழகு இருளாயியவே கூழு கொண்டுபோகச் சொன்னான். அவ கலயத்த வைப்பா, ஆடுகளுக்கு மிச்சக் கஞ்சித்தண்ணிய ஊத்துவா, நிக்காமத் திரும்பிருவா. ஒம்பதாம் நாளு சாத்தையா மொகத்தப் பாக்காமச் சொன்னாரு:

"எடது கால மெதுவா வைக்கிறீக. உள்ள புண்ணு இருக்கு. ஒரு ஆடு இப்படி நடந்தா நாங்க அன்னிக்கே பாத்துருவோம். உங்க வீட்டுல பாக்க ஆளில்லயா?"

இருளாயி நின்னுட்டா. கல்யாணமாகி ரெண்டு வருசத்துல அவ காலப் பத்தி ஒருத்தர் கேட்டது அதான் மொதத் தடவ. கண்ணு கலங்கிப்போச்சு. மூணு மூச்சு விடுற நேரம் நின்னுருப்பா.

அந்த மூணு மூச்சு நேரம் சத்தம் நின்னதக் கட்டில்ல கெடந்தவன் கேட்டுட்டான்.

சின்னப் புள்ளைககிட்ட இதச் சொல்லக் கூடாதுதான். சொல்லாம விட்டா கதை பொய்யாயிரும். அப்ப அவ வயித்துல மூணு மாசம். அவன் உலக்கைய எடுத்தான். புள்ள தங்கல. "விழுந்துட்டா"ன்னு ஊருக்குச் சொன்னான், ஊரும் "அப்படியா"ன்னு கேட்டுக்கிச்சு.

இருளாயி அழல. இனி ஒரு புள்ள இந்த வீட்டுல உண்டாகவும் வேணாம், நான் இந்த வீட்டுல சாகவும் வேணாம்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டா. ஆனா எப்படிப் போறது? ஒரு அடி எடுத்து வச்சாலும் காட்டிக் குடுக்குதே, கால்லயே கட்டிப் போட்ட கோள்மூட்டி!

பத்து நாள் கழிச்சுக் கெடை கெளம்புச்சு. அந்த ஊருக்கு ஒரே தெரு. நூறு ஆடும் மாயழகு வாசலத் தாண்டித்தான் போகணும். விடிஞ்சு வெயில் ஏறுன நேரம். மாட்டுக்கொட்டத்துல சாணி அள்ளிக்கிட்டிருந்த இருளாயிக்கு மணிச் சத்தம் கேட்டுச்சு. மொதல்ல பத்து மணி, அப்புறம் அம்பது, அப்புறம் தெருவே மணி. அவ கூடையக் கீழ வச்சா. கொடியில கெடந்த கருப்புக் கம்பளிய எடுத்து முதுகுல போத்துனா. கொட்டத்துப் படலத் தள்ளிக்கிட்டு, கையும் காலும் ஊனித் தவந்து ஆட்டுக்கு நடுவுல பூந்துட்டா. கஞ்சித்தண்ணி ஊத்துன கையி, வாசம் தெரியும், ஆடு ஒண்ணுகூட மெரளல.

"ஏண்டி, இருக்கியா? சத்தத்தையே காணோம்?"னு மாயழகு உள்ள இருந்து கத்துனான். மணிச் சத்தத்துல அவன் கத்துனது அவனுக்கே கேக்கல.

ஆனா பின்னாடி வந்த சாத்தையா காதுக்குப் புதுசா ஒரு சத்தம் கேட்டுச்சு. என்னோட மணி நூறு. இது நூத்தி ஒண்ணாவது மணியாவுல இருக்கு? குனிஞ்சு பாத்தாரு. கம்பளிக்குக் கீழ ரெண்டு காலு, எடது காலுல ரத்தம். "ஹேய்... டுர்ர்ர்"னு குச்சியத் தூக்கி ஆட்ட வெரட்டுனாரு. ஆடு ஓட ஓட மணி இன்னும் ஓங்கி அடிச்சுச்சு.

மாயழகு வாசலுக்கு வந்து, "என்ன சாத்தையா, இம்புட்டு அவசரம்?"னான்.

"மழை வருதுங்க."

"வானம் வெள்ளையா இருக்கேப்பா."

"எனக்கு வருதுங்க"ன்னுட்டு நடந்தாரு.

காஞ்ச ஆத்தத் தாண்டுன பொறவுதான் இருளாயி எந்திரிச்சு நின்னா. முழங்காலெல்லாம் தோலு போயிருச்சு. சாத்தையா அரத்த எடுத்துக்கிட்டு வந்து எட்டவே உக்காந்தாரு. "ஆட்டுக் காலுன்னா கேக்காமத் தூக்கிருவேன். உங்க காலத் தொடலாமா?"ன்னு கேட்டாரு.

உலக்கையடிக்கு அழாதவ, அந்த ஒரு கேள்விக்கு அழுதா பாரு, ஆத்து மணலெல்லாம் நனைஞ்சுபோச்சாம். அழுது முடிச்சு, "ம்"ன்னு தலைய ஆட்டுனா. அப்புறந்தான் அவரு தொட்டாரு. ஆணிய ராவித் தண்டையக் கழட்டி, வேப்பெலையும் மஞ்சளும் அரைச்சு வச்சுக் கட்டுனாரு. அன்னிக்கே பக்கத்து ஊரு நெடுங்கொளத்து அம்பலம் வீட்டுப் பொம்பளைககிட்ட அவள ஒப்படைச்சுட்டு, அவரு போயி ஆட்டோட படுத்துக்கிட்டாரு.

அம்பலம்னா ஊர்ப் பெரியவரு, வழக்குத் தீக்குறவரு. வெத்தலைய மென்னுக்கிட்டே தூங்கிருவாராம். அவர மண்டுன்னு ஊரே சொல்லும். மண்டு யாருன்னு கடைசில பாப்போம்.

மாயழகு கெணறு தேடி, கொளம் தேடி, காடு தேடி, மூணாம் நாளு நெடுங்கொளத்துக்கு வந்துட்டான். ஊர்க்கூட்டம் கூடிருச்சு. அந்தப் பக்கத்து மொறை என்னன்னா, புருசன் ஒரு துரும்பக் கிள்ளிப் பொண்டாட்டி கையில குடுத்தா, தீந்துச்சு, அவ வேற இவன் வேற. ஆனா அவன் கையாலதான் கிள்ளணும்.

"செத்தாலும் கிள்ள மாட்டேன். எம் பொண்டாட்டிய எங்கிட்ட விடுங்க"ன்னான் மாயழகு.

கதவுக்குப் பின்னாடி இருந்து இருளாயி பேசுனா. "அம்பலம் ஐயா, அவரு பொண்டாட்டிய அவருக்கு அடையாளம் தெரியுமான்னு கேளுங்க."

"ஏன் தெரியாது? கண்ணக் கட்டி விட்டாக்கூடப் புடிச்சிருவேன்!"

"புடிக்கலன்னா?"

"புடிக்கலன்னா துரும்பக் கிள்ளிப் போட்டுட்டு, அந்தத் தண்டைய நானே எங்கால்ல மாட்டிக்கிறேன். ஆத்தா காளி மேல ஆணை!"

வாய் குடுத்து மாட்டுனான். ஏழு பொம்பளைகள நடக்க விட்டாக, அதுல ஒருத்தி இருளாயி, வெறுங்காலோட. கூடவே இன்னொண்ணும் நடந்துச்சு. கண்ணக் கட்டிக்கிட்டு நின்ன மாயழகு, வந்த காலடியெல்லாம் கேட்டான். இருளாயி ஒரு மொழத்துல தாண்டிப் போனா, அசையல. கடைசியில சலங் சலங்னு சத்தம் வந்துச்சு. பாஞ்சு போயி, "ஓடுகாலிச் சிறுக்கி!"ன்னு கையோங்கி ஒரு அறை விட்டான்.

விட்ட அறை கொம்புல பட்டுச்சு. தண்டை கட்டியிருந்தது சாத்தையாவோட கெழட்டுக் கெடா! அது ரெண்டு அடி பின்னால போயி வந்து முட்டுச்சு பாரு, மாயழகு வேலியில கெடந்தான். ஊரே சிரிச்சுச்சு. இருளாயி மட்டும் சிரிக்கல. அந்த அறை அவளுக்குன்னு ஓங்குனதுல்ல, அதான்.

"ஏமாத்து!"ன்னு எந்திரிச்சு வந்தான். "சத்தமில்லாம நடந்தா எவனுக்குய்யா தெரியும்?"

அம்பலம் வெத்தலையத் துப்பிட்டு, "சாத்தையா, இப்ப நீ கண்ணக் கட்டு"ன்னாரு. சாத்தையா கண்ணக் கட்டிக்கிட்டாரு. ஏழு பேரும் திரும்பவும் நடந்தாக. ஒருத்தி, ரெண்டு பேரு, மூணு பேரு. அஞ்சாவதா ஒரு காலடி வந்துச்சு. கையக் கூட நீட்டல அவரு.

"இவுகதான். எடது கால மெதுவா வைக்கிறாக. புண்ணு இன்னும் ஆறல."

"பாத்தீகளா, பாத்தீகளா! எம் பொண்டாட்டி நடை இவனுக்கு எப்படித் தெரியும்?"னு மாயழகு குதிச்சான்.

அம்பலம் சொன்னாரு: "அந்தப் புண்ண வச்சவன் நீ. ரெண்டு வருசமா அது உனக்குத் தெரியல பாரு. கிள்றா துரும்ப."

கிள்ளுனான். இருளாயி கைநீட்டி வாங்கி, ஊதி விட்டா. அப்புறம் அதே ஆசாரியக் கூட்டியாந்து மாயழகு கால்ல தண்டைய ஆணியடிச்சாக. இந்தத் தடவ ஆசாரி எதுக்குன்னு கேக்கல. கூலியும் வாங்கல.

சாத்தையாவும் இருளாயியும் அப்பவே கல்யாணம் பண்ணிக்கிட்டாகளான்னு கேக்குற. அதான் இல்ல. "எங்கூட வர்றீகளா?"ன்னு அவரு கேட்டாரு. "மொதல்ல காலு ஆறட்டும்"னா அவ. ஒரு வருசம் அம்பலம் வீட்டுல நெல்லுக் குத்திக் கஞ்சி குடிச்சா. மறு அறுப்புக்குக் கெடை வந்துச்சு. மணிச் சத்தம் கேட்டு, அவளா எந்திரிச்சு, நல்லா ஊனி நடந்து சாத்தையாகிட்டப் போயிச் சேந்தா. வயித்துல தங்காமப் போன அந்தப் புள்ளைக்கு மட்டும் வருசா வருசம் ஆத்தங்கரையில ஒரு அகல் வைப்பாளாம்.

மாயழகு? அவன் தெருவுல எறங்குனா சத்தம் முன்னாடி போகும், பொம்பளைக கதவச் சாத்திருவாக. ஒருத்தியும் அவனுக்கு வாக்கப்படல. அந்த வீட்டுல அவன் தனியா அடுப்புக்கும் கட்டிலுக்கும் நடப்பான். பின்னாடி சலங்னு கேக்கும். "இருளாயி, வந்துட்டியா?"ன்னு திரும்பிப் பாப்பானாம். யாரும் இருக்க மாட்டாக. அவன் காலுதான்.

ஆடு ஆத்தத் தாண்டிருச்சு, கதை வாயத் தாண்டிருச்சு. உங்க வீட்டுக் கதவ எவளாச்சும் அழுதுக்கிட்டு வந்து தட்டுனா, செம்புத் தண்ணி அப்புறம், மொதல்ல கதவத் தொறங்க.