முட்டிக்கு ஐஸ் வைத்த கதை

கோணமடைக்கு வழி கேட்டால் யாரும் கையை நீட்டிக் காட்ட மாட்டார்கள். "சும்மா போய்க்கிட்டே இரும், நீரே வந்து சேந்துருவீரு" என்பார்கள். அந்த ஊர்க்காரர்களிடம் ஒரு வேலையைச் சொன்னால் சொன்னபடியே செய்வார்கள். ஒரு எழுத்துக் கூட்டவும் மாட்டார்கள், குறைக்கவும் மாட்டார்கள். அதில் அவர்களுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அங்கே ஒரு கபடிக் குழு இருந்தது. எல்லாரும் கல்யாணமாகி, பிள்ளை குட்டி பெற்று, தொப்பையும் சம்பாதித்துவிட்டவர்கள். அதில் பாடிப்போகிறவர் பலவேசம். "கபடி கபடி" என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே எதிராளி பக்கம் போய், ஆளைத் தொட்டுவிட்டுத் திரும்பி வருவது அவர் வேலை. போவது நன்றாகப் போவார். திரும்பி வருவதுதான் அபூர்வம்.

வருஷா வருஷம் எட்டாங்கரைக் கோயில் கொடைத் திருவிழாவில் ஆட்டம் நடக்கும். எட்டாங்கரை பலவேசத்துக்கு மாமனார் ஊர். எதிர் அணிக்குத் தலைவன் அவருடைய சொந்த மச்சினன் முப்பிடாதி. கல்யாணம் ஆன நாளிலிருந்து பலவேசம் அந்த அணியிடம் தோற்றுக்கொண்டுதான் இருக்கிறார். தோற்றுவிட்டு அந்த வீட்டிலேயே போய்ச் சாப்பிடவும் வேண்டும். மச்சினன் இலையில் கறியை அள்ளி வைத்து, "நல்லாத் தின்னுங்க அத்தான், அடுத்த வருசமாவது தெம்பு வரட்டும்" என்பான். பலவேசத்துக்கு அந்தக் கறி தொண்டையில் இறங்காது. ஒரே ஒரு தடவை ஜெயித்துவிட்டு, மாமனார் வீட்டில் தலை நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இந்த உலகத்தில் அவர் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

இந்த வருஷக் கொடை நெருங்கி வரும்போது, பயிற்சியில் காலைத் திருப்பிக்கொண்டு விழுந்தார். இடது முட்டி பப்பாளிப் பழம் மாதிரி வீங்கிவிட்டது. குழுத் தலைவர் கொம்பையா, பலவேசத்தைத் தூக்கிக்கொண்டு டவுனுக்குப் பஸ் ஏறினார். குழுவும் கூடவே ஏறியது.

டவுனில் பிசியோதெரபி பார்க்கும் ஜெபசீலி டாக்டரம்மா நிதானமான மனுஷி. முட்டியை மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார், அமுக்கிப் பார்த்தார். தசைநார் கிழியவில்லை, பிசகியிருக்கிறது, ஓய்வு கொடுத்தால் சரியாகிவிடும் என்றார். பலவேசத்துக்கு உயிர் திரும்பி வந்தது.

"இப்போதைக்கு முட்டிக்கு ஐஸ் வைங்க" என்றார் டாக்டரம்மா.

கொம்பையா யோசித்தார். "அவரே வச்சுக்கிடணுமா, இல்ல நாங்க வைக்கலாமா?"

"யார் வேணாலும் வைக்கலாம். ஆனா ஒரேயடியா வச்சுக்கிட்டே இருக்கக் கூடாது. விட்டு விட்டு வைக்கணும்."

"ஆமாம்மா. ஒரேயடியா வச்சா சந்தேகம் வந்துரும்" என்றார் கொம்பையா.

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. இருந்தாலும் வெளியே ஆள் காத்திருந்ததால் மேலே சொன்னார். "முக்கியமா, நேரடியா வைக்காதீங்க. ஒரு துணியைப் போட்டு மூடிட்டு வைங்க. மத்த நேரம் காலை நெஞ்சை விட உயரத்துல வச்சுப் படுக்கணும்."

பஸ்ஸில் வரும்போது கொம்பையா மனசாரப் பாராட்டினார். எத்தனையோ வைத்தியர்களைப் பார்த்திருக்கிறாராம், எல்லாரும் மாத்திரை, தைலம் என்றுதான் போவார்களாம், முட்டிக்கும் ஒரு மனசு உண்டு என்று கண்டுபிடித்தது இந்த அம்மாதானாம். எல்லாரும் ஆமோதித்தார்கள்.

ஐஸ் வைக்க ஊரில் நயினாரை விட்டால் ஆள் கிடையாது. பத்தாவது வரை படித்தவர். எந்தக் கட்சித் தலைவர் வந்தாலும் மேடையில் மைக் பிடித்து வரவேற்புரை சொல்கிறவர். மறுநாள் காலை பலவேசத்தின் வீட்டில் எல்லாரும் கூடினார்கள். முட்டியின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினார்கள். நேரடியாக வைக்கக் கூடாது அல்லவா? அதனால் நயினாரும் குழுவில் ஆடும் மாசானமும் முட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, அதன் காதில் விழும்படி தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

"ஏல மாசானம், நம்ம ஜில்லாவுலேயே நல்ல முட்டின்னு எதைச் சொல்லுவ?"

"நானும் எத்தனையோ முட்டி பாத்துட்டேன் அண்ணாச்சி. ஆனா இங்கன ஒண்ணு இருக்கு. பேரைச் சொன்னா மத்த முட்டியெல்லாம் கோவிச்சுக்கிடும்."

"கர்வமே கிடையாதுல அதுக்கு. மத்த முட்டின்னா இந்நேரம் மடங்க மாட்டேன்னு ஆடும்."

பலவேசத்துக்குக் கண் கலங்கிவிட்டது. முட்டியைச் சொன்னாலும், முட்டிக்குச் சொந்தக்காரர் அவர்தானே? இத்தனை வருஷத்தில் அவரைப் பற்றி யாரும் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. வலி குறைவது போலவே இருந்தது.

அப்போதுதான் மாசானம் ஒரு சிக்கலைக் கிளப்பினான். மாசானம் எதிலும் சிக்கலைக் கிளப்புகிறவன்தான்.

"வலது முட்டியும் பக்கத்துல இருந்து கேட்டுக்கிட்டு இருக்கே அண்ணாச்சி. அதுவும் சேந்து ஓடுன முட்டிதான?"

விஷயம் பெரிய விஷயம். இடதை மட்டும் புகழ்ந்தால் வலது வீங்கும். இரண்டையும் புகழ்ந்தால் இடதுக்கு மதிப்பு இருக்காது. வெயில் ஏறும் வரை பேசினார்கள். கடைசியில் கொம்பையா ஒரு முடிவுக்கு வந்தார். பலவேசத்தை வாசற்படியில் உட்கார வைத்து, இடது காலை வீட்டுக்குள்ளும் வலது காலைத் தெருவிலும் போட்டு, நடுவில் கதவைச் சாத்தினார்கள். கதவு மூடுகிற அளவுக்கு மூடியது.

ஐஸ் வைத்து முடிந்ததும் காலை உயர்த்த வேண்டும். பலவேசம் படுத்துக்கொண்டு தலையணை கேட்டார். கொம்பையா தடுத்தார்.

"நெஞ்சை விட உயரம்னாவ. யாரு நெஞ்சைன்னு சொன்னாவளா?"

யாருக்கும் நினைவில்லை. தப்பு வந்துவிடக் கூடாது என்று எல்லாருடைய நெஞ்சையும் கணக்கில் எடுத்தார்கள். குழுவிலேயே வளர்த்தி கொம்பையாதான். அவர் நெஞ்சுக்கு மேலே வரும்படி உத்தரத்தில் கயிறு கட்டிக் காலைத் தொங்கவிட்டார்கள். கால் உயர்ந்தது, கூடவே பலவேசமும் உயர்ந்தார். தலை மட்டும் தரையில் இருந்தது.

மாசானம் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துவிட்டு, "அய்யாக்குட்டி பனையில நிக்கான்" என்றான். பனையேறி அய்யாக்குட்டியின் நெஞ்சு அந்த நேரத்தில் ஊரிலேயே உயரமான இடத்தில் இருந்தது. எல்லாரும் ஓடிப்போய் மரத்தடியில் நின்று, ஒரு மனுஷனுடைய கால் உன் கையில்தான் இருக்கிறது, இறங்கி வா என்று கெஞ்சினார்கள். கோணமடைக்காரன்தானே, உடனே இறங்கிவிட்டான். அதற்குப் பிறகு கொடை வரைக்கும் ஊரில் பதநீர் கிடையாது. மாடியில் துணி காயப்போடுகிறவர்கள்கூடப் படுத்துக்கொண்டுதான் காயப்போட்டார்கள்.

அசையாமல் கிடந்தால் எந்த முட்டிதான் வற்றாது? அடுத்த முறை டவுனுக்குப் போனபோது வீக்கம் பாதியாகியிருந்தது. சொன்னதை அப்படியே செய்திருக்கிறீர்கள் என்று டாக்டரம்மா சந்தோஷப்பட்டார். காலை நீட்டி மடக்கச் சில பயிற்சிகளைக் காட்டிக் கொடுத்துவிட்டு, "இனிமே ஐஸ் வேண்டாம். சூடு குடுங்க. பொறுத்துக்கிடுற மாதிரி சூடு போதும்" என்றார்.

நயினார் கையை விரித்துவிட்டார். ஐஸ் வைத்த வாயால் சூடாக நாலு வார்த்தை கேட்பது அவருக்குப் பழக்கமில்லை. "அதுக்கு நம்ம செண்பகம் மயினி இருக்காவளே" என்றான் மாசானம். செண்பகம் பலவேசத்தின் மனைவி. விஷயத்தைச் சொன்னதும், சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு முட்டிக்கு எதிரே வந்து நின்றாள்.

"ஏ முட்டி, உனக்கு வெக்கமா இல்ல? வருசா வருசம் எங்க தம்பிகிட்டத் தோத்துட்டு வாரியே, உனக்கு எதுக்கு மூணு வேளையும் சோறு? போன தீவாளிக்குச் சேலை எடுத்துத் தாரேன்னியே, எங்க அது?"

சேலை விஷயம் முட்டிக்கு எப்படித் தெரியும் என்று கேட்க பலவேசத்துக்கு வாய் வரவில்லை. தினமும் நடந்தது. பொறுத்துக்கொள்கிற மாதிரி சூடு என்று டாக்டரம்மா சொன்னதை யாராவது செண்பகத்திடம் சொல்லியிருக்கலாம். முட்டி மட்டும் நாளுக்கு நாள் தேறி வந்தது. அந்த வீட்டைவிட்டு ஓட வேண்டும் என்று அதற்கே தோன்றியிருக்கும்.

கொடைக்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை போனார்கள். டாக்டரம்மா பலவேசத்தை உட்காரச் சொன்னார், எழச் சொன்னார், ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னார். வலி இல்லை. ஆடலாம் என்றார். குழு மொத்தமும் கும்பிட்டது.

"ஆனா ஒண்ணு, ஜாக்கிரதை. உங்களுக்குன்னு ஒரு அளவு இருக்கு. எந்தக் காரணத்துக்காகவும் கோட்டைத் தாண்டிராதீங்க. தாண்டினா மறுபடியும் படுக்கைதான்."

பஸ் ஏறியதும் பலவேசம் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதார். நடுக்கோட்டைத் தாண்டாமல் எப்படிப் பாடிப்போவது? இந்த வருஷமும் மச்சினன் கறி அள்ளி வைப்பான், இந்த வருஷமும் குனிந்துகொண்டே விழுங்க வேண்டும்.

நயினார்தான் மெல்ல வாயைத் திறந்தார். "பலவேசம் கோட்டைத் தாண்டக் கூடாதுன்னுதான சொன்னாவ? கோடு முன்னால போகக் கூடாதுன்னு சொன்னாவளா?"

"கோடு போவுமா அண்ணாச்சி?" என்றான் மாசானம்.

"கூட்டிட்டுப் போனா போவும்."

கொடையன்று எட்டாங்கரை மைதானத்தில் கூட்டம் நெரிந்தது. பலவேசத்தின் மாமனார் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கோணமடையின் முறை வந்ததும், மாசானம் ஒரு மூட்டை சுண்ணாம்புப் பொடியுடன் களத்தில் இறங்கினான். நடுக்கோட்டைக் காலால் அழித்துவிட்டு, ஓர் எட்டு முன்னால் புதிதாகப் போட்டான். பலவேசம் அதுவரை நடந்து வந்து நின்றார். மாசானம் அதையும் அழித்து இன்னும் முன்னால் போட்டான். பலவேசம் இன்னும் கொஞ்சம் நடந்தார்.

முப்பிடாதி நடுவரிடம் ஓடினான். நடுவர் நியாயஸ்தர். நெடுநேரம் வானத்தைப் பார்த்துவிட்டு, "கோடு வெள்ளையா இருக்கணும், நேரா இருக்கணும்னு விதி இருக்கு. ஒரே எடத்துல இருக்கணும்னு நான் படிச்சதில்லை" என்றார்.

எட்டாங்கரையும் கோணமடையும் காலங்காலமாகப் பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர்கள். அதனால் புத்தியும் இரண்டு பக்கமும் போய்வந்துகொண்டிருந்தது. பலவேசத்தைப் பிடிக்கலாம் என்றால் அவர் இன்னும் கோட்டைத் தாண்டவில்லை. கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்ப் பிடித்தால் பிடித்தவனே அவுட். அவர்கள் ஒவ்வொரு எட்டாகப் பின்வாங்கினார்கள். கடைசியில் முழு அணியும் ஒரு சாண் இடத்தில் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றது. மாசானம் இன்னொரு கோடு போட்டான். எல்லாரும் எல்லைக்கு வெளியே போய் விழுந்தார்கள். நடுவர் விசில் ஊதினார். கோணமடை ஜெயித்தது.

பலவேசத்துக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அதே நேரத்தில் மாமனார் எழுந்து, தோற்றாலும் முறை விடாமல், "மாப்பிள, சாப்பிட வாங்க" என்று அழைத்தார். பலவேசம் காலை எடுத்தார், அப்படியே நின்றார். எதிரே கோடு இருந்தது. வீடு கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

"எந்தக் காரணத்துக்காகவும்னு சொல்லிருக்காவ" என்றார் கொம்பையா.

மாசானம் மூட்டையைத் தோளில் ஏற்றினான். கோடு மைதானத்தை விட்டு இறங்கி, கோயில் தெருவில் திரும்பி, மாமனார் வீட்டு வாசலில் ஏறியது. மாமனாரும் முப்பிடாதியும் மரியாதை தவறாமல் அதற்கு முன்னால் பின்வாங்கிக்கொண்டே போனார்கள். முற்றம் போயிற்று, கூடம் போயிற்று, அடுப்படி போயிற்று. மாமியார் மட்டும் கறிச்சட்டி எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் நானும் என்று அகப்பையோடு நின்றுவிட்டாள். கோடு பின்வாசல் வரை போனதும் பொடி தீர்ந்துவிட்டது. மாமனாரும் மச்சினனும் மாட்டுத் தொழுவத்தில் நின்றார்கள். வீடு முழுவதும் கோணமடை பக்கம் வந்துவிட்டது.

பலவேசம் இலை முன்னால் உட்கார்ந்தார். முதுகை நிமிர்த்தினார். தலையை எவ்வளவு தூக்க முடியுமோ அவ்வளவு தூக்கினார். கறி வாசனை மூக்கில் ஏறியது. வாழ்க்கையில் இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நினைத்தபோதே பின்வாசல் பக்கம் சத்தம் கேட்டது.

"கபடி கபடி கபடி கபடி..."

முப்பிடாதி பாடிக்கொண்டே சொந்த வீட்டுக்குள் வந்தான். கறிச்சட்டியைத் தொட்டான். ஒரு துண்டை எடுத்தான், பசி தாங்காமல் வாயில் போட்டான். பாட்டு நின்றுவிட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்த கொம்பையா இடது கையை உயர்த்தி, "அவுட்" என்றார். அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு தொழுவத்துக்குத் திரும்பினான்.

பலவேசத்துக்கு மாமனாரை நினைத்தால் பாவமாக இருந்தது. வயசான மனுஷன். கோட்டைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளிப் போடச் சொல்லலாம் என்றால் பொடி இல்லை. சுண்ணாம்புக் கடை கொடை முடிந்துதான் திறக்கும். "மாமா, வேணும்னா சோத்தைத் தொழுவத்துக்கே குடுத்து விடட்டுமா?" என்று உள்ளே இருந்தபடி கேட்டார்.

"அதெல்லாம் வேண்டாம் மாப்பிள. ஆட்டம்னா ஆட்டம்தான்" என்றார் மாமனார். "மத்தியானச் சோறு போனாப் போவட்டும். ராத்திரிச் சோத்துக்கு வாரேன்." சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டி, எருமை மாட்டுக்குப் பக்கத்தில் நின்று, மூச்சை இழுத்து இழுத்துப் பிடித்துப் பழக ஆரம்பித்தார்.