தரகு வேண்டாத தரகர்

காட்டுக்கு நட்ட நடுவில், அல்லிக் குளத்தங்கரையில், ஒரு பழைய புற்று இருந்தது. ஆள் உயரம்! அந்தக் காலத்துக் கரையான்கள் மண்ணைக் குழைத்துக் குழைத்துக் கட்டியது. வாசலுக்கு எதிரே குளம். நாலு எட்டு வைத்தால் நாவல் மரம். அந்தப் புற்றைப் பார்த்து ஆசைப்படாத பிராணியே அங்கே கிடையாது.

எல்லோரையும்விட அதிகமாக ஆசைப்பட்டவன் மொச்சையன் என்ற வயலெலி. காட்டு ஓரத்தில், ஒரு வரப்பு வளையில், மனைவி தினையம்மாளோடும் ஒன்பது குட்டிகளோடும் குடியிருந்தான். யாராவது "வீடு எங்கே?" என்று கேட்டால் அவன் முகம் சுருங்கிவிடும். வரப்பிலே என்று சொல்ல அவ்வளவு வெட்கம்! "குளத்தங்கரையிலே, அந்தப் பெரிய வீடு" என்று ஒரு தடவையாவது சொல்லிவிட வேண்டும் என்று தவித்தான்.

ஒரு நாள் வேலியோரம் ஓர் ஓணான் அவனை நிறுத்தியது. அதுதான் காட்டிலே வீட்டுத் தரகர்.

"மொச்சையா! குளத்தங்கரைப் புத்து விலைக்கு வந்திருக்கு!"

"அண்ணே! அதெல்லாம் நமக்குக் கட்டுப்படியாகுமா?"

"பேருக்கு ஒரு படி நெல் வெச்சா போதும். வீட்டுக்காரர் தாராள மனசு. குட்டிங்க நிறைய இருக்கிற குடும்பமாப் பாருன்னு சொன்னார்!"

"உங்களுக்குத் தரகு?"

"சீச்சீ! உன்கிட்டப் போய் வாங்குவேனா?"

அந்தத் தாராள மனசுக்காரர் யார் என்று உங்களுக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன். மொச்சையன் காதில் போட்டுவிடாதீர்கள். புற்றுக்குள்ளே ஒரு கிழட்டு நல்லபாம்பு! முன்போல ஓடி இரை பிடிக்க அதற்குத் தெம்பு இல்லை. "எலிக் குடும்பமாப் பார்த்துக் கூட்டி வா. புத்துமேலே ஊர்ற கரையான் எல்லாம் உனக்கு. உன்னையும் தொடமாட்டேன்" என்று ஓணானோடு பேசி வைத்திருந்தது.

மொச்சையன் வீடு பார்க்கப் போனான். வாசலில் நின்று எட்டிப் பார்த்தான்.

"அடேயப்பா, தரை என்ன வழவழப்பு!"

"அந்தக் காலத்து வேலைப்பாடு! இப்போ யார் செய்யறா?"

"இது என்ன அண்ணே, வெள்ளையா மினுமினுக்குது?"

அது பாம்பு உரித்துப் போட்ட சட்டை.

"திரைச்சீலை! வீட்டோட சேர்த்தே குடுக்கிறார். வெள்ளிக்கிழமையானா ஜனங்க வாசலுக்கே பால் கொண்டு வந்து ஊத்துவாங்க!"

"அக்கம்பக்கத்திலே எலிங்க உண்டா?"

"ஒருத்தர் கூட இல்லை! தொந்தரவே கிடையாது!"

பாம்புச் சட்டையைப் பார்த்த எலி ஓடாதா என்று கேட்பீர்கள். ஓடும். ஆனால் ஆசை வந்து கண்ணை மறைத்துவிட்டால் எந்த எலி ஓடும்? "திரைச்சீலை!" என்று அதைத் தடவிப் பார்த்துவிட்டு, துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

தினையம்மாள் எல்லாவற்றையும் கேட்டாள்.

"தரகு வேண்டாம்னு சொல்ற தரகரை நான் கேள்விப்பட்டதே இல்லையே! வேலியிலே போற ஓணானை மடியிலே கட்டிக்கிட்டு வந்திருக்கீங்க!"

"உனக்கு எதையாவது நொட்டை சொல்லணும்! நாளைக்குப் பால் காய்ச்சுறோம்!" என்று மொச்சையன் படுத்துவிட்டான்.

மறுநாள் காலை புற்று வாசலில் கூட்டம். தவளை வந்தது, மைனா வந்தது, ஆமைகூட முதல் நாளே புறப்பட்டு வந்திருந்தது. ஒன்பது குட்டிகளும் "நான்தான் முதல்ல! நான்தான் முதல்ல!" என்று முண்டின. தினையம்மாள் சட்டென்று வாசலை மறித்து நின்றாள்.

"தரகரே, வீடு கிழக்கே பார்த்ததுதானே?"

ஓணான் தலையை ஆட்டியது.

"மேற்கே பார்த்ததுன்னாங்களே?"

அதற்கும் ஆட்டியது.

"மழைக்கு ஒழுகாதே?" ஆட்டியது. "ஒழுகும்தானே?" அதற்கும் ஆட்டியது!

ஓணானின் தலை அப்படி. கேள்வி காதில் விழுவதற்கு முன்பே ஆடிவிடும்.

தினையம்மாள் கைகூப்பினாள். "நீங்க ராசியான ஆளு. நீங்களே வலது காலை வெச்சு உள்ளே போய், உள்ளறையிலே விளக்கேத்திட்டு வந்துடுவீங்கதானே?"

தலை மடமடவென்று ஆடியது. ஆடி முடித்த பிறகுதான் ஓணானுக்குக் கேள்வி புரிந்தது.

"ஆட்டிட்டார்! ஆட்டிட்டார்! போங்க தரகரே!" என்று மைனா கத்தியது.

ஓணானின் கழுத்து செக்கச்செவேல் என்று சிவந்தது. "எனக்கு... எனக்கு இடுப்பு வலி! முதல்லே குட்டிங்க போகட்டுமே!"

"கூச்சப்படாதீங்க அண்ணே!" என்று மொச்சையன் பாசத்தோடு அதை வாசலை நோக்கித் தள்ளினான்.

"ஐயோ, தள்ளாதேடா! அவர் மூணு நாளாப் பட்டினி! எலியா ஓணானான்னு பார்க்கவா போறார்?"

உள்ளேயிருந்து 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம். "வந்தாச்சா? கொழுத்ததா முதல்லே அனுப்பு!"

மொச்சையன் "ஓடுங்க!" என்று அலறினான். நெல் ஒரு பக்கம், பால் ஒரு பக்கம்! ஆமைகூட அன்றைக்கு ஓடியது என்கிறார்கள். ஓணான் எந்த வேலிக்குள் புகுந்ததோ, அப்புறம் தரகு பேச வரவே இல்லை.

வரப்பு வளைக்குள் வந்ததும் மொச்சையன் மூச்சு வாங்கக் குட்டிகளை எண்ணினான். ஒன்பது. நம்பிக்கை வராமல் மறுபடி எண்ணினான். ஒன்பதேதான்! அவனுக்கு அழுகை வந்துவிட்டது. தினையம்மாள் ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான்.

சாயங்காலம் அந்த வழியாக ஒரு புது முயல் வந்தது. "அண்ணே, உங்க வீடு எங்கே?" என்று கேட்டது.

"வரப்பிலே!" என்றான் மொச்சையன், குளத்தங்கரைக்கே கேட்கும்படியாக.

வாங்கப் போகிற வீட்டைத் தரகர் எவ்வளவு புகழ்ந்தாலும், முதலில் அவரையே உள்ளே போய் வரச் சொல்ல வேண்டும்.