நுனியைக் கிள்ளிய மந்திரவாதி

முருங்கைக் கொம்பை ஒடித்து நட்டால் மரமாகிறது. கையை ஒடித்து நட்டால் ஆள் முளைக்குமா, சொல்லுங்கள் பார்ப்போம்?

சிரிக்காதீர்கள். மீன்களெல்லாம் வாய் திறந்து பேசிய காலத்தில், சிப்பித்துறை ராச்சியத்தில் அப்படி ஒன்று நடந்தது.

அங்கே மரகதம், சிட்டு என்று அக்காள் தங்கை. தாய் தகப்பன் இல்லை. கடல் வற்றும் நேரம் சிப்பி பொறுக்கிப் பிழைத்தார்கள். விடிந்ததும் மரகதம் தங்கையை மடிமுன்னே உட்காரவைத்து, எண்ணெய் தேய்த்துத் தலை பின்னுவாள். "ஆடாதடி, வகிடு கோணுது!" என்று செல்லமாய் ஒரு குட்டு.

ஒருநாள் பாறைக் குகையிலிருந்து கருநண்டன் என்ற மந்திரவாதி வந்தான். மரகதத்தைக் கோலால் தொட்டான்.

"அஞ்சு கை ஆகு, ஆழத்தில் கிட!"

அவ்வளவுதான். அக்காள் நட்சத்திர மீனாகிவிட்டாள். அமாவாசைக்கு அமாவாசை அதில் ஒரு கையைத் தின்றால் அவனுக்கு முடி நரைக்காதாம்.

"அஞ்சு கையும் ஒரே அளவா நிக்கிற அன்னைக்கு உனக்கு விடுதலை. நான் நிக்க விட்டாத்தானே!" என்று சிரித்து, அப்போதே ஒரு கையின் நுனியைக் கிள்ளி எறிந்து, மீனைக் கொண்டுபோய்க் குகைத் தொட்டியில் போட்டான்.

சிட்டு அழுதாள். அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, குகைக்கு நடந்தாள்.

"சாமி, தொட்டி கழுவ ஆள் வேணுமா?"

"வா. கூலி கிடையாது, சோறுதான்."

"சோறாவது ருசியா இருக்குமா?"

"நீதான்டி ஆக்கணும்!"

முதல் அமாவாசை. மந்திரவாதி ஒரு கையைக் கிள்ளித் தின்றான். அவன் போனதும் தொட்டியிலிருந்து குரல் வந்தது.

"அழாதே சிட்டு, முளைக்கும். வீட்டுப் பூவரசு பூத்துச்சா?"

"பூத்துச்சுக்கா."

"வெள்ளாடு குட்டி போட்டுச்சா?"

"போட்டுச்சுக்கா."

"உன் தலையை யாரு பின்னினா?"

சிட்டு சிக்குப் பிடித்த தலையைத் துணியால் மூடிக்கொண்டாள்.

இரண்டாம் அமாவாசையும் அதே கிள்ளல், அதே மூன்று கேள்வி. அன்றும் கடைசிக் கேள்விக்குத் தலையை மூடிக்கொண்டாள்.

மூன்றாம் அமாவாசைக்கு மந்திரவாதிக்கு நகச்சுத்து. விரலில் எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொண்டு முனகினான்.

"நீயே கிள்ளுடி. நுனியோட கிள்ளு, நடுவைத் தொடாதே!"

'நடுவைத் தொட்டால் என்ன?' சிட்டுவுக்கு வீட்டு முருங்கை ஞாபகம் வந்தது. ஒரு கையை நடுச்சதை கொஞ்சம் ஒட்டியிருக்கும்படி பிய்த்தாள். அதைப் பானையில் கடல்நீர் ஊற்றி ஒளித்தாள். அவித்த பனங்கிழங்கு ஒன்றை உரித்துத் தட்டில் வைத்தாள்.

"இன்னைக்கு ருசி கூடுதலா இருக்கே!" என்றான் அவன்.

"என் கைப்பக்குவம் சாமி."

நகச்சுத்து ஆறியதும் அவன் பழையபடி தொட்டி மீனையே கிள்ளித் தின்றான். சிட்டு தினமும் பானையில் புதுநீர் ஊற்றினாள். சின்னச் சிப்பி போட்டாள். ஒரு மாதத்தில் அந்த ஒற்றைக் கையின் அடியில் நாலு அரிசிமணி தெரிந்தது. நாலு மாதத்தில் நாலு மிளகாய்; பானையிலிருந்தும் அக்காளின் குரல் கேட்டது. வருசம் திரும்பும்போது நாலும் நன்றாக வளர்ந்து, பழைய கையைவிட ஒரு நக அளவுதான் குட்டை.

"இன்னும் பத்தே நாள் அக்கா!"

"பொறு சிட்டு, முளைக்கும்," என்றது பானை.

அதைக் கேட்டுவிட்டான் மந்திரவாதி. ஓடிவந்து பானைக்குள் பார்த்தான். பழைய கை நீளம், மற்ற நாலும் ஒரே அளவு.

"அடி கள்ளி! திருட்டுத்தனமா இன்னொன்னு வளர்த்தியா?"

"சாமி, தொடாதீங்க!" அவன் கையைப் பிடித்துத் தொங்கினாள் சிட்டு.

"இருக்கறதுலயே நீளமானதைத்தான் கிள்ளப்போறேன். நடுவைத் தொடுவேன்னு நினைச்சியா? தொட்டா இன்னொன்னு முளைக்கும்னு எனக்கா தெரியாது! நுனியோட..."

கிள்ளினான். ஒரு நக அளவு.

ஐந்தும் ஒரே அளவாகிவிட்டன!

பானை படீரென்று உடைந்தது. ஈரப் பாவாடையோடு மரகதம் எழுந்து நின்றாள். மந்திரவாதியின் முடி பஞ்சாய் வெளுத்தது. உடம்பு சுருங்கி, நண்டாகிப் பக்கவாட்டில் ஓடி வளைக்குள் ஒளிந்தான். தொட்டியில் இருந்தது இப்போது பேசாத வெறும் நட்சத்திர மீன். அதைக் கடலில் விட்டார்கள்.

மரகதத்தின் சுண்டுவிரலில் மட்டும் நகம் இல்லை. "முளைக்கும்," என்று அவளே சொல்லிச் சிரித்தாள்.

வீட்டில் பூவரசு பூத்திருந்தது. ஆட்டுக்குட்டி வளர்ந்து ஆடாகியிருந்தது. சிட்டு எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவந்து, ஒரு வருசத்துக்கு மேலாய்ச் சீப்புப் படாத சடைமுடியோடு அக்காளின் மடிமுன்னே திரும்பி உட்கார்ந்தாள்.

"ஆடமாட்டேன்க்கா. தலை பின்னி விடேன்."