ஆடிக்கு முன்னால் குடிபோன மீன்கள்

குருவுக்கு வயது முப்பத்து நாலு. சீடருக்கு அறுபத்தொன்று.

குருவின் பெயர் மரியபுஷ்பம். குரோம்பேட்டைப் பக்கம் வீடு வீடாகப் போய்க் கடல்மீன் தொட்டிகளைப் பராமரிப்பது அவள் தொழில். சீடர் தணிகாசலம், ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வு பெற்றவர். மகன் இறந்துபோனான். அவன் வளர்த்த மீன்களாவது சாகாமல் இருக்கட்டும் என்றுதான் அவளிடம் பாடம் கேட்க வந்தார். அவர் அவளை "அம்மா" என்பார், அவள் அவரை "சார்" என்பாள்.

ஒன்றரை வருடம் சொன்னபடிதான் செய்தார். உப்பை அளந்து கலந்தார், வாரா வாரம் தண்ணீர் மாற்றினார். ஆனால் இரண்டடித் தொட்டியில் மீன்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு திரிவதைப் பார்க்கப் பார்க்க மனசு அரித்தது. பெரிய தொட்டி வாங்க வேண்டும் என்று மகன் சொல்லிக்கொண்டே இருந்தான். ஐந்தடித் தொட்டி ஒன்று செய்து கூடத்தில் வைத்தார்.

"தொட்டி பழுக்கணும் சார். மீன் விடாம ஆறு வாரம் தண்ணி மட்டும் சும்மா ஓடட்டும்," என்றாள் மரியபுஷ்பம். "அப்புறம் நானே வந்து மாத்தித் தரேன். அதுவரைக்கும் பழைய தொட்டிக் கல்லுல கை வைக்காதீங்க."

நன்றாகத் தலையாட்டினார். பிறகு காலண்டரைப் பார்த்தார்.

மூன்று வாரத்தில் ஆடி பிறக்கிறது. ஆடியில் யாராவது குடிபோவார்களா? ஆனி மாதக் கடைசி முகூர்த்தத்தில் பால் காய்ச்சி, சூடம் காட்டி, மீன்களைப் பெரிய தொட்டியில் விட்டுவிட்டார். புது வீட்டுக்கு அழுக்கோடு போகக் கூடாதாம். மகன் அடுக்கியிருந்த கற்களைக் குழாயடியில் போட்டு பிரஷ்ஷால் தேய்தேய் என்று தேய்த்தார். பழைய தொட்டியையும் கழுவி மொட்டைமாடியில் கவிழ்த்தார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, பாவம்.

மூன்றாம் நாள், மீன்களோடு வளர்ந்த இரண்டு இறால்களும் செத்தன. நாலாம் நாள் விடிந்தபோது நாலு மீன்கள் மிதந்தன. அவருக்கு மகனை இன்னொரு தடவை பறிகொடுத்தது மாதிரி இருந்தது. குருவுக்குப் போன் செய்தார்.

மரியபுஷ்பம் இரண்டு கேன் கடல்நீரோடு ஸ்கூட்டியில் வந்தாள். தொட்டித் தண்ணீரைச் சின்னக் குழாயில் எடுத்து மருந்துச் சொட்டு விட்டாள். மஞ்சளாக இருக்க வேண்டியது கரும்பச்சையாயிற்று.

"விஷம்," என்றாள்.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு கோமாளி மீன். மகன் தொட்டிக்குள் கையை விட்டால் சுண்டு விரலைக் கடிக்கிற மீன். மூலையில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. அதை வலையில் அள்ளி, புதுக் கடல்நீர் ஊற்றிய வாளியில் விட்டாள். காற்றுக் குழாயையும் உள்ளே போட்டாள்.

"என்ன தப்பும்மா பண்ணினேன்? பெரிய இடம்தானே குடுத்தேன்?"

"கல்லை எதுல கழுவினீங்க?"

"நல்ல தண்ணியிலதான். ஒரே பாசியும் பிசுக்குமா இருந்தது."

"அந்தப் பிசுக்குலதான் சார் கண்ணுக்குத் தெரியாத உயிரெல்லாம் குடியிருந்துச்சு. மீன் போடுற கழிவை அதுதான் தின்னு தீர்க்கும். உப்பில்லாத நல்ல தண்ணி பட்டா அதுக்கு முடிஞ்சது."

தணிகாசலம் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஆடி வந்துடுமேன்னு..."

"மீனுக்கு ஏது சார் ஆடி?"

"அப்போ நான்தான் கொன்னுட்டேன்."



"ஆமா சார்," என்றாள்.

இல்லை என்பாள் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அவள் தடுக்கவில்லை. வாளியில் மீன் ஒருக்களித்தது, நிமிர்ந்தது, மறுபடியும் ஒருக்களித்தது.

"இதாவது பொழைக்குமா?"

மரியபுஷ்பம் குனிந்து காற்றுக் குழாயை மீன் பக்கம் நகர்த்தினாள்.

"பொழைச்சுக்கும்னு ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா. பொய்யா இருந்தாலும் பரவாயில்ல. என் பையனுக்கு அப்படித்தான் ஒரு டாக்டர் சொன்னார். அன்னிக்கு அது எவ்வளவு ஆறுதலா இருந்தது தெரியுமா?"

"அவர் சொன்னதும் நீங்க என்ன பண்ணீங்க?"

"வீட்டுக்கு வந்தேன். குளிச்சேன். நாலு நாள் கழிச்சு அன்னிக்குத்தான் உக்காந்து சாப்பிட்டேன்."

"அப்புறம்?"

"நான் ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போறதுக்குள்ள..."

மரியபுஷ்பம் இரண்டாவது கேனின் மூடியைத் திருகினாள். மீன் உடம்பிலிருந்து இறங்கிய விஷம் போக, வாளித் தண்ணீரில் பாதியைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். ஒரு ஆளால் ஆகிற காரியம் இல்லை.

"நான் சொல்ல மாட்டேன் சார்," என்றாள். "எந்திரிச்சு வந்து வாளியைப் பிடிங்க."